ட்ராக்கிலும் சாலையிலும் ஓடும் கார்: பிரேக் கோளாறைப் பெடலிலிருந்து கண்டுபிடிப்பது

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில், சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கும் ட்ராக் டே முடிந்த சாயங்காலம், கார்கள் நிற்கும் பேடக்கில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். சில கார்களுக்குப் பக்கத்தில், காலையில் கழற்றி வைத்த குழந்தை சீட் தரையில் இருக்கும். பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் தன் சக்கரத்திலேயே வந்த கார், 3.717 கிலோமீட்டர் சுற்றில் நாள் முழுக்க ஓடிவிட்டு, தன் சக்கரத்திலேயே வீட்டுக்குத் திரும்பும். திங்கட்கிழமை காலை வடபழனி சிக்னலில் மாநகரப் பேருந்துக்குப் பின்னால் நிற்கப்போவதும் அதே கார்தான்.

இந்த மாதிரி கார் வைத்திருக்கும் தம்பிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணா, எந்த பிரேக் பேட் வாங்கட்டும்?” நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: “பெடல் என்ன பண்ணுச்சு?” சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிப்பது பேட். அதன் பெயரைச் சொல்லிவிடலாம், அதில் கஷ்டமில்லை. ஆனால் கோளாறு ஆயிலில் இருக்கலாம், பின் சக்கர டிரம்மில் இருக்கலாம், பேட்டை அழுத்தும் காலிப்பர் வழுக்கி நகர்கிற கம்பியில் இருக்கலாம். அதைப் பார்க்காமல் விலை கூடிய பேட்டை மாட்டினால், அடுத்த ட்ராக் டேயில் அதே வளைவில் அதே கோளாறு திரும்ப வரும். அதனால் அறிகுறியிலிருந்து தொடங்குவோம்.

அதற்கு முன் ஒரு கணக்கு. ஓட்டுநரோடு சேர்த்து ஆயிரம் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 40 கி.மீ. வேகத்திலிருந்து சிக்னலில் நின்றால், பிரேக்குகள் சுமார் 62 கிலோஜூல் ஆற்றலைச் சூடாக மாற்றுகின்றன. அதே கார் ட்ராக்கில் 150-லிருந்து 60-க்கு இறங்கினால் சுமார் 730 கிலோஜூல். பன்னிரண்டு சிக்னலின் சூடு ஒரே மிதியில் சேருகிறது. அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். காரோடு வந்த கம்பெனி பேட் மட்டமானது என்று நினைக்காதீர்கள். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிற பேட்தான். இந்த வேலைக்கு அதை யாரும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

ட்ராக்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரேக் மாறுவது தெரிந்தால் இன்னும் ஒரு சுற்று பார்க்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். பெடல் கீழே போனால் இரண்டு மூன்று முறை வேகமாகப் பம்ப் செய்யுங்கள், கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள், வளைவுக்குள் திருப்பப் போராடாமல் நேராக ட்ராக்குக்கு வெளியே உள்ள ரன்-ஆஃப் காலியிடத்துக்குப் போய்விடுங்கள். கார் கையில் இருக்கிறது என்றால் மெதுவாகப் பிட்டுக்குள் வந்துவிடுங்கள். கண்டுபிடிக்கிற வேலையெல்லாம் நின்ற பிறகுதான்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிக் கீழே போகிறது

நாலைந்து சுற்று நன்றாக இருந்தது, அப்புறம் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போய் ஒரு வளைவில் தரையைத் தொட்டது. இப்படி யாராவது சொன்னால் பேட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம், பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. ஆயில் திரவமாக இருக்கும்வரைதான் காலின் அழுத்தம் காலிப்பருக்குப் போகும். கொதித்து ஆவிக் குமிழி வந்துவிட்டால், மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும்.

சென்னைக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கிளைக்கால் வகை பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட ஈரம் மெல்ல உள்ளே போகும். கடற்கரை ஊரின் புழுக்கம் அதற்குத் தோது. டாட் 4 என்ற தரத்து ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலைக்கு விதி கேட்பது 155 டிகிரிதான். டாட் 3-க்கு இதே எண்கள் 205-உம் 140-உம். டாட் 5.1-க்கு 260-உம் 180-உம். ரேஸுக்கென்று வருகிற ஆயில்கள் புதிதாக இருக்கும்போது 300 டிகிரியைத் தாண்டும். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 என்றால் 312. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில், டாட் 5.1 வேறு. பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

ஒரு தம்பி பேடக்கிலிருந்து போன் செய்தான். ஸ்விஃப்ட், புதிதாக மாட்டிய நல்ல பேட், ஆறாவது சுற்றில் பெடல் போய்விட்டது. “பானட்டைத் திறந்து ஆயில் டப்பாவைப் பாருடா, என்ன கலர்?” என்றேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு, “டிகாஷன் மாதிரி இருக்குண்ணா” என்றான். புது ஆயில் இளமஞ்சளாக, கிட்டத்தட்டத் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். டிகாஷன் நிறம் வந்தால் வருடக்கணக்கில் மாற்றவில்லை என்று பொருள். பேட்டுக்குச் செலவழித்தவன் ஒரு டின் ஆயிலுக்குச் செலவழிக்கவில்லை. அன்று அவன் அதற்கு மேல் ஓட்டவில்லை, நானும் ஓட்ட விடவில்லை. ஒருமுறை கொதித்த ஆயில் ஆறியதும் பெடல் ஓரளவு திரும்பி வரும், அதை நம்பி நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. அங்கேயே நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்து, அதாவது ஆயிலில் சேர்ந்த குமிழியை வெளியேற்றி, புது ஆயில் ஊற்றிய பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினான்.

என் வழக்கம் இதுதான். ட்ராக் டேக்கு முந்தைய வாரம் ஆயில் முழுவதையும் மாற்றிவிடுவேன். ட்ராக் டே முடிந்ததும் முன் காலிப்பர் இரண்டிலும் கொஞ்சம் வெளியே எடுத்து ஏர் பார்ப்பேன். திறந்த டின்னில் மிச்சம் இருப்பதை அடுத்த முறைக்கு எடுத்து வைக்க மாட்டேன். சின்ன டின்னாக வாங்குவது அதற்காகத்தான். ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

பெடல் நீளமாகப் போவதற்கு வேறு காரணங்களும் உண்டு. முதல் மிதியில் நீளமாகப் போய், இரண்டாவது மிதியில் கெட்டியாக வந்தால் ஆயில் கொதிக்கவில்லை. ட்ராக் வளைவின் ஓரத் திட்டான கர்பில் ஏறி இறங்கியபோது டிஸ்க் ஆடி, பேட்டைப் பின்னால் தள்ளியிருக்கும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், பேரிங்கில் ஆட்டம் இருக்கும்.

இன்னொன்று நம்மூர்க் கார்களுக்கே உரியது, பின் டிரம். சூட்டில் டிரம் விரியும், அதற்குள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூ அதைத் தொட இன்னும் கொஞ்சம் தூரம் போக வேண்டும், அந்தத் தூரம் பெடலில் தெரியும். ஹேண்ட்பிரேக் முன்பைவிட நாலைந்து பல் கூடுதலாக ஏறினால் ஷூவை அட்ஜஸ்ட் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது. முன் பேட்டையே மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

பெடல் கல் மாதிரி இருக்கிறது, கார் நிற்கவில்லை

பெடல் உயரத்திலேயே, கெட்டியாகவே இருக்கிறது. எவ்வளவு மிதித்தாலும் கார் வழுக்கிக்கொண்டு போகிறது. இது பேட்டின் பிரச்சினை.

பேட்டில் பொருள்களை ஒட்டிப் பிடித்திருப்பது பிசின். அதன் எல்லையைத் தாண்டிச் சூடேறினால் பிசின் எரிந்து வாயு விடும். டிஸ்க்குக்கும் பேட்டுக்கும் நடுவில் அந்த வாயு மெல்லிய படலமாக நின்றுவிடும். புதுப் பேட்டை மாட்டி நேராக ட்ராக்கில் இறங்கினால் முதல் சில சுற்றுகளிலேயே இது நடக்கும். அப்படி நடந்தால் பேட் மட்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். செட் ஆகாத, அதாவது டிஸ்க்கோடு இன்னும் பழகாத பேட் அது.

சக்கரத்தைக் கழற்றிப் பேட்டை வெளியே எடுங்கள். அப்படி எடுத்த ஒரு ஜோடி இப்போதும் என் டூல் பெட்டியில் இருக்கிறது, வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகவே வைத்திருக்கிறேன். மேற்பரப்பு கறுத்து, கண்ணாடி மாதிரி மின்னும். நகத்தால் கீறினால் நகம் வழுக்கும். ஓரங்களில் பொடிப்பொடியாக உதிர்ந்து, சாம்பல் வெளுப்பு ஏறியிருக்கும். தகட்டின் முதுகில் பூசிய பெயின்ட் கொப்புளித்திருக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் “கிளேஸ் ஆயிடுச்சு” என்பார்கள்.

மினுமினுப்பு மேலாக மட்டும் இருந்தால், தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் 80 அல்லது 120 நம்பர் உப்புத்தாளை விரித்து, பேட்டைக் கவிழ்த்து வட்டமாகத் தேய்த்து எடுக்கலாம். பிறகு மறுபடி செட் செய்ய வேண்டும். தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் அடிக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கள். உதிர்கிற பேட்டைத் தேய்த்துப் பயனில்லை, எறிந்துவிடுங்கள்.

பெடல் கல்லாக இருப்பதற்கு, நம் மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டரும் காரணமாக இருக்கலாம், அதைச் சோதிக்க அரை நிமிடம் போதும். இன்ஜினை நிறுத்திவிட்டு நாலைந்து முறை பெடலை மிதியுங்கள், கெட்டியாகும். அதை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையவே இல்லையென்றால் வேக்கம் ஹோஸிலும் பூஸ்டரிலும் தேடுங்கள், பேட்டில் தேடாதீர்கள்.

எவ்வளவு சூடு ஏறியது என்று தெரியாமல் அடுத்த பேட் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதுதான். பிட்டுக்கு வந்த பிறகு வெப்பமானியைக் காட்டினால், பிரேக்கை ஆற விட மெதுவாக ஓட்டும் கூல் டவுன் சுற்றில் ஆறிய சூடுதான் தெரியும். அதைவிட நல்லது வெப்ப பெயின்ட். டிஸ்க்கின் ஓரத்தில் மூன்று கோடு பூசிவிட்டு ஓட்டுங்கள். பச்சை 430 டிகிரியில் நிறம் மாறும், ஆரஞ்சு 560-இல், சிவப்பு 610-இல். பச்சை மட்டும் மாறியிருந்தால் உங்களுக்கு ரேஸ் பேட் தேவையே இல்லை, சூடு தாங்கும் ஒரு நல்ல சாலைப் பேட் போதும். சிவப்பும் மாறியிருந்தால் நாம் பேச வேண்டியது வேறு பேட்.

ட்ராக்கில் பிரமாதம், வீடு திரும்பும் வழியில் முதல் மிதியில் ஒன்றும் இல்லை

மற்ற கோளாறுகளைவிட எனக்குப் பயம் தருவது இதுதான். ட்ராக்கில் பிரேக் போனால் சுற்றிலும் மண்ணும் டயர்ச் சுவரும் இருக்கும். போரூர் சிக்னலில் போனால் முன்னால் இருப்பது ஒரு ஸ்கூட்டர், அதில் மூன்று பேர்.

ரேஸ் பேட்டுகளில் பலவற்றுக்கு வேலை செய்யத் தொடங்கவே 150, 200 டிகிரி சூடு வேண்டும். அதற்குக் கீழே மரக்கட்டையை டிஸ்க்கில் அழுத்தியதுபோல இருக்கும். மழையில் இன்னும் மோசம். ஒரு முறை ரேஸ் பேட்டோடே வீடு திரும்பினேன். ஐப்பசித் தூறல், ஈர டிஸ்க், நெடுஞ்சாலையில் அரை மணி நேரமாகப் பிரேக்கே தொடாமல் வந்திருக்கிறேன். முன்னால் ஒரு லாரி நின்றது. வழக்கமாக மிதிக்கிற அளவு மிதித்தேன், கார் குறையவில்லை. இரண்டாவதாக, முழங்கால் நிமிர மிதித்த பிறகுதான் பிடித்தது. லாரியின் பின் விளக்குக்கும் என் பானட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவு இடம்தான் மிச்சம். அன்றிலிருந்து ரேஸ் பேட்டோடு சாலையில் ஏறுவதில்லை.

அதனால் இரண்டு வேலைக்கும் ஒரே பேட் என்றால், எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கு முன்னால் எவ்வளவு ஆறியிருக்கும்போது பிடிக்கும் என்று கேளுங்கள். உங்கள் காரின் மிகக் குளிர்ந்த பிரேக், மார்கழிக் காலையில் வாசலை விட்டு இறங்கித் தெரு முனையில் மிதிக்கிற முதல் பிரேக். அதில் பிடிக்கிற பேட்டுகளை மட்டும் வரிசையாக வைத்து, அவற்றில் எது அதிகச் சூடு தாங்குமோ அதை எடுங்கள். ஃபெரோடோ டிஎஸ் 2500 போன்றவை இந்த நடு இடத்துக்கென்றே செய்யப்பட்டவை. ஆறிய நிலையிலும் பிடிக்கும், கம்பெனி பேட்டைவிட அதிகச் சூடும் தாங்கும். விலை கூட, சத்தமும் கொஞ்சம் கூட. ட்ராக்கில் பதினைந்து நிமிடம் ஓட்டி, ஒரு கூல் டவுன் சுற்று எடுத்து, அரை மணி நேரம் ஆற விடுகிறவருக்கு இது போதும் என்பது என் முடிவு. வருடத்துக்கு மூன்று நான்கு முறை போகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

வேகம் கூடிவிட்டது, நடுத்தரப் பேட் தாங்கவில்லை என்றால் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். பேடக்கில் ஜாக்கி போட்டு முன் சக்கரம் இரண்டையும் கழற்றி மாற்ற முக்கால் மணி நேரம் ஆகும், பழகினால் அரை மணி. சாயங்காலம் களைப்பில், “இதே பேட்லயே மெதுவா போயிடலாம்” என்று தோன்றும். அப்போதுதான் கண்டிப்பாக மாற்ற வேண்டும். இரண்டு செட்டும் ஒரே கம்பெனியின் ஒரே குடும்பப் பேட்டாக இருந்தால் நல்லது. ஒவ்வொரு பேட்டும் டிஸ்க்கில் தன் பொருளை மெல்லிய பூச்சாகப் படிய வைத்து, அந்தப் பூச்சின்மேல்தான் நன்றாகப் பிடிக்கும். வேறு வேறு ரசாயனம் என்றால் ஒன்றின் பூச்சை மற்றொன்று கெடுக்கும். வசதி இருந்தால் டிஸ்க்கையும் பேட்டோடு ஜோடியாக வைத்து மாற்றிவிடலாம்.

பேட்டின் ஓரத்தில் அச்சிட்ட எழுத்து வரிசையின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதலாவது ஆறிய நிலையின் உராய்வு, இரண்டாவது சூட்டில். ‘இ’ என்றால் உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55. முதல் எழுத்தைவிட இரண்டாவது கீழே போகிற பேட்டை ட்ராக்குக்கு எடுக்க வேண்டாம். ஆனால் அந்தச் சோதனை ட்ராக் சூட்டுக்குப் போவதில்லை. இரண்டு ‘எஃப்’ இருக்கிறது என்பதால் 600 டிகிரியில் தாங்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

வாங்குகிற இடம் பற்றியும் சொல்ல வேண்டும். கார் பாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோட்டில் எல்லாம் கிடைக்கும், நல்லதும் கிடைக்கும். பிரேக் தொழிலில் இந்த ஊர் சளைத்ததில்லை, 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா பாடியில்தான் இருக்கிறது. ஆனால் பெட்டியை நம்பாதீர்கள். ஒரு கடையில் பிரபலமான பெயர் போட்ட பெட்டியில் நான் வாங்கிய பேட்டை ஐந்து சுற்றுக்குப் பிறகு கழற்றிப் பார்த்தால், டிஸ்க்கைப் பிடிக்கும் பகுதியான லைனிங் ஒரு மூலையில் தகட்டை விட்டு எழும்பியிருந்தது. கத்தி முனை உள்ளே போனது. ஆறாவது சுற்று ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். பில் கொடுக்கிற டீலரிடம் வாங்குங்கள், தகட்டின் முதுகில் உள்ள எண்ணைக் கம்பெனி கேட்டலாக்கோடு ஒப்பிடுங்கள். பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக் கடைகளில் கதவும் கண்ணாடியும் வாங்கலாம். பேட்டை மட்டும் பழையதில் வாங்காதீர்கள்.

மிதிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது

“டிஸ்க் வளைஞ்சிடுச்சு, லேத் போடணும்” என்று உடனே சொல்வார்கள். டிஸ்க் நிஜமாகவே வளைந்திருப்பது அபூர்வம். பேட்டின் பொருள் டிஸ்க்கில் ஒரு இடத்தில் தடிப்பாகப் படிந்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். நூறில் இரண்டு மூன்று பங்கு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே கைக்குத் தெரியும்.

அது எப்படிப் படிகிறது? ட்ராக்கிலிருந்து கொதிக்கக் கொதிக்க வந்து, பேடக்கில் காலைப் பிரேக்கில் வைத்தபடியே நிற்பதால். சூடான பேட் சூடான டிஸ்க்கில் அச்சுக் குத்தியதுபோலத் தன் வடிவத்தைப் பதித்துவிடும். அதனால் கடைசிச் சுற்றில் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டுங்கள். நிறுத்தியதும் காலை எடுத்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். இரண்டு நிமிடம் கழித்து காரை அரை அடி தள்ளிவிடுங்கள்.

ஏற்கெனவே நடுக்கம் வந்துவிட்டதென்றால், காலியான இடத்தில் 80-லிருந்து 20 வரை, முழுதாக நிற்காமல், ஓரளவு அழுத்தமாக எட்டுப் பத்து முறை குறைத்து, பிறகு பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். லேசான படிவு இதிலேயே போய்விடும். புதுப் பேட்டைச் செட் செய்வதும் இதே முறைதான். பின்னால் வண்டி வருகிற சாலையில் இதைச் செய்யாதீர்கள். ட்ராக்கில் முதல் செஷனையே இதற்கென்று ஒதுக்குவது உத்தமம்.

அப்படியும் போகவில்லையென்றால் லேத்தில் கடைசல் போடலாம், டிஸ்க்கின் ஓரத்தில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகாதவரை. ஆனால் படிவு இருந்த இடத்தில் திரும்பத் திரும்பச் சூடேறி இரும்பே கடினப்பட்டிருந்தால், கடைசல் போட்டுச் சில வாரத்தில் நடுக்கம் திரும்ப வரும். அப்போது புது டிஸ்க்தான் வழி. புதியதை மாட்டும் முன் ஹப்பின் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கம் நிற்கிற கார்களில் அந்தத் துருவே புது டிஸ்க்கைக் கோணலாக உட்கார வைத்துவிடும்.

கீச்சென்று கத்துகிறது

பெரும்பாலும் ஆபத்தில்லை. உலோகம் அதிகமுள்ள பேட் ஆறிய நிலையில் கத்தும். பின்னால் உள்ள ஷிம் தகடு இருக்கிறதா, தகடு காலிப்பரில் உரசும் இடத்தில் பிரேக் கிரீஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ட்ராக் பேட் வைத்துக்கொண்டு சத்தமே கூடாது என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் கீச் என்பது கரகரவென்று மாறினால், லைனிங் தீர்ந்து தகடு டிஸ்க்கைத் தின்கிறது. அன்றே நிறுத்துங்கள்.

பேட் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது, அல்லது கார் ஒரு பக்கம் இழுக்கிறது

உள் பேட் தகடு வரை தேய்ந்து, வெளிப் பேட் பாதி அப்படியே இருந்தால் காலிப்பர் வழுக்கி நகர்கிற கம்பியான ஸ்லைட் பின் இறுகியிருக்கிறது. கையால் தள்ளினால் பின் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். சேஸிஸ் கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதி மறுபடி இறுகும். ட்ராக் சூட்டில் பின்னின் ரப்பர் உறை வெடிப்பது சாதாரணம், மழைக்காலத்துக்கு முன் பார்த்துவிடுங்கள். வேளச்சேரித் தண்ணீரில் ஒருமுறை முங்கி எழுந்த பின், வெடித்த உறையோடு ரொம்ப நாள் தாங்காது.

பேட் ஆப்பு மாதிரி ஒரு நுனியில் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், மிதவைக் காலிப்பர் சூட்டில் வாய் திறக்கிறது என்று பொருள். ஓரளவுக்கு இது இயல்பு. எந்தப் பக்கம் தேய்ந்திருந்தாலும் பாதித் தடிமனுக்குக் கீழே உள்ள பேட்டோடு ட்ராக்கில் இறங்க வேண்டாம். சாலைக்கு 3 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம் என்பது சரி. ட்ராக்கில் பேட்டின் தடிமன்தான் ஆயிலைச் சூட்டிலிருந்து காக்கும் சுவர், அது மெலிந்தால் முதலில் சொன்ன பஞ்சுப் பெடல் வந்துவிடும்.

முன் பேட் மாற்றியதிலிருந்து ஏ.பி.எஸ். சீக்கிரமே துடிக்கிறது

முன்னால் மட்டும் கடித்துப் பிடிக்கும் பேட், பின்னால் அதே பழைய டிரம் ஷூ. முன் சக்கரம் தன் பங்குக்கு மேல் வேலை செய்து டயரின் பிடியைத் தாண்டுகிறது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். துடிக்கிறது, பின் சக்கரம் சும்மா வருகிறது. பிரேக் பலமாக இருப்பதாகத் தோன்றும், நிற்கிற தூரம் மட்டும் குறையாது. டயரின் காற்றைப் பாருங்கள், பின் ஷூவை ஒழுங்காக அட்ஜஸ்ட் செய்யுங்கள். அதன் பிறகும் துடித்தால் ஒரு படி குறைந்த பேட்டுக்கு வாருங்கள். பின்னால் டிஸ்க் உள்ள காரில் பின் பேட்டை மட்டும் பலமாக்குவது இதைவிடப் பெரிய தவறு. மழையில், வளைவில், கார் வாலைச் சுழற்றிவிடும்.

டிஸ்க்கில் மயிரிழைக் கோடுகள்

சூட்டில் வரும் நுண் கோடுகள் நகத்துக்குத் தட்டுப்படாதவரை ஓட்டலாம். நகம் மாட்டினாலோ, கோடு டிஸ்க்கின் விளிம்பைத் தொட்டிருந்தாலோ அந்த டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். இதில் பேரமே கிடையாது.

மழைக்குப் பின் சக்கரம் ஒட்டிக்கொண்டு நகரவில்லை

ட்ராக் கார் வாரக்கணக்கில் சும்மா நிற்கும். கார்த்திகை மழையில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தியிருந்தால், இரும்புத்தூள் அதிகமுள்ள பேட்டும் ஷூவும் துருப் பிடித்து டிஸ்க்கோடும் டிரம்மோடும் ஒட்டிக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிய்த்தெடுக்காதீர்கள், லைனிங் தகட்டை விட்டு உரிந்து வரும். முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். விடவில்லையென்றால் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுற்றி மரச் சுத்தியலால் தட்டினால் ‘டக்’கென்று விடும். விட்ட பிறகு தெருவுக்குள்ளேயே இரண்டு சுற்று, இடைவெளி விட்டு லேசாகப் பிரேக் மிதித்தபடி ஓட்டுங்கள். செம்மண் நிறத் துரு மறைந்து டிஸ்க் பளபளவென்று தெரிந்த பிறகு மெயின் ரோட்டுக்கு எடுங்கள்.